தீர்ப்பிடாமையும் திறனாய்வும்: வண்ணநிலவனின் 'எஸ்தர்' சிறுகதையை முன்வைத்து

முன்னுரை

பிறரைக் குறித்துத் தீர்ப்பிடலாகாது என்பது கிறித்துவ வாழ்வியலின் அடிப்படைக் கட்டளைகளுள் ஒன்று. மலைப்பொழிவில் இடம்பெறும் இக்கட்டளை மறையுரைகளில் மிகுதியாக எடுத்துரைக்கப்படுகின்றது. வாழ்வில் மிக அரிதாகவே கைக்கொள்ளப்படுகின்றது. இலக்கியத் திறனாய்வாளருக்கு இக்கட்டளை ஒரு தனிச் சிக்கலையும் தோற்றுவிக்கின்றது. திறனாய்வு என்பதே மதிப்பீடு செய்யும் தொழில். கதைமாந்தரின் செயலை எடைபோடாமல் ஒரு கதையைக் கற்பிக்க இயலுமா? எடைபோடுதலுக்கும் தீர்ப்பிடுதலுக்கும் இடையே எல்லை உண்டா?

இவ்வினாக்களைத் தமிழ்ப் புனைகதையின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிறித்துவக் குடும்பம் ஒன்றைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'எஸ்தர்' சிறுகதை இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஒப்புநோக்கின்பொருட்டு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'மும் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. சமய உண்மையை நிறுவுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு சமய அறம் வாசிப்பு அறமாக மாறும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதே இதன் எல்லை.

1. ஒரு சொல்லின் இரு முகங்கள்

மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் முதல் வசனத்தில் கிரேக்க மூலம் பயன்படுத்தும் வினைச்சொல் 'கிரினோ' என்பதாகும். பிரித்தறிதல், தேர்தல், முடிவு செய்தல், தீர்ப்பளித்தல் எனப் பல பொருள்களை இச்சொல் தாங்குகின்றது. இதே வேரிலிருந்துதான் மேலை மொழிகளில் திறனாய்வைக் குறிக்கும் சொல்லும் பிறந்தது. ஆகவே, திறனாய்வாளரும் நீதிபதியும் சொல் வரலாற்றில் உடன்பிறந்தோர் எனலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இப்பன்முகத்தன்மையை எதிர்கொண்ட விதம் கருதத்தக்கது. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் இவ்வசனத்தில் 'குற்றவாளி' என்னும் சொல்லைச் சேர்த்தே பொருள் உரைக்கின்றன. மூலத்தில் அச்சொல் இல்லை. எனினும் அச்சேர்க்கை பிழையன்று. அது ஓர் உரை விளக்கம். ஆராய்வதைத் தடை செய்யாமல், ஒருவரைக் குற்றவாளி என முடிவுகட்டுவதையே இவ்வசனம் தடை செய்கின்றது என மொழிபெயர்ப்பாளர்கள் புரிந்துகொண்டனர். ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் பவுல் 'கிரினோ' என்பதோடு தண்டனைத் தீர்ப்பைச் சுட்டும் 'கதாகிரினோ' என்ற சொல்லையும் இணைத்துப் பேசுவது இப்புரிதலுக்கு அரண் செய்கின்றது. பிறரைக் குறித்துத் தீர்ப்பிடுபவர் அதே செயலால் தமக்கே தண்டனை விதித்துக்கொள்கின்றார் என்பது அங்கு அவர் முன்வைக்கும் வாதமாகும்.

தமிழ்ச் சொல்லே இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. 'தீர்ப்பு' என்பது 'தீர்' என்னும் வேரடியாகப் பிறந்தது. தீர்தல் என்பது முடிதல், ஒழிதல், இல்லாமற் போதல். நோய் தீர்ந்தது, பணம் தீர்ந்தது, வழக்குத் தீர்ந்தது என்கிறோம். ஒருவரைப் பற்றித் தீர்ப்பிட்ட கணத்தில் அவரைப் பற்றி அறிவதற்கு நமக்கு இனி ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. 'ஆய்வு' அதற்கு மாறானது. ஆய்தல் என்பது நுணுகி நோக்குதல். அது தொடரும் வினை. தீர்ப்பு நிற்கும் இடத்திலும் ஆய்வு நடந்துகொண்டிருக்கும். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அச்சாணியாகும்.

2. துரும்பும் உத்திரமும்

மேற்கண்ட கட்டளையை அடுத்து வருவது கண்ணில் விழுந்த துரும்பு, உத்திரம் பற்றிய உவமை. இதனைப் பலர் தன்னடக்கத்திற்கான அறிவுரையாக மட்டுமே கொள்வர். உவமையின் அமைப்பை நோக்கின் அது முதன்மையாகப் பார்வையைப் பற்றியது என்பது புலனாகும். உத்திரம் இருப்பது கண்ணில். குற்றமுடையவன் பிறர் குற்றத்தைப் பேசத் தகுதியற்றவன் என்பதோடு உவமை நின்றுவிடவில்லை. அவனால் அதனைச் சரியாகக் காணவே இயலாது என்கிறது. மேலும், உவமை துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் தன் கண்ணைத் தூய்மை செய்துகொண்டு, பின்னர்ப் பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத் தெளிவாகப் பார்க்கலாம் என்றே முடிகின்றது. ஆக, உவமையின் இறுதி இலக்கு உதவி.

தமிழ் மரபில் இதற்கு நெருக்கமான இரு குறள்கள் உள்ளன. புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காண வல்லவராயின் உயிர்களுக்குத் தீங்கு உண்டாகுமோ என வினவுகின்றது. குற்றங்கடிதல் அதிகாரத்தின் ஆறாவது குறளோ தன் குற்றத்தை முதலில் நீக்கிப் பின்னர்ப் பிறர் குற்றத்தைக் காண வல்ல அரசனுக்கு என்ன குற்றம் நேரும் எனக் கேட்கின்றது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886இல் வெளியிட்ட ஜி.யு. போப் வள்ளுவரிடம் கிறித்துவத் தாக்கத்தைக் கண்டார். அம்முடிவை ஏற்காமலே இவ்வொப்புமையைப் பயன்கொள்ளலாம். நமக்கு முதன்மையானது வேற்றுமையே. இரண்டாவது குறள் அரசனை நோக்கியது. தீர்ப்பளிக்கும் பொறுப்பு அவனுக்கு உண்டு. அப்பொறுப்பை ஏற்பதற்கு முன் அவன் செய்ய வேண்டியதை வள்ளுவர் கூறுகின்றார். நற்செய்தியோ அப்பொறுப்பே தரப்படாத எளிய மனிதரை நோக்கிப் பேசுகின்றது. யாரும் அமர்த்தாத நீதி இருக்கையில் தாமே ஏறி அமர்வதை அது கண்டிக்கின்றது.

3. கூட்டத்தின் நடுவே ஒரு பெண்

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின்முன் கொண்டுவந்து நிறுத்தும் நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. அதில் பெரிதும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மோசேயின் சட்டம் லேவியர் நூல் இருபதாம் அதிகாரத்தில் இக்குற்றத்திற்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே தண்டனையை விதிக்கின்றது. ஆனால் கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டவள் பெண் மட்டுமே. இருவர் பங்கேற்ற செயலின் முழுச் சுமையும் ஒருத்தியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றது. தீர்ப்பிடும் மனப்பான்மையின் செயல்முறை இதுவே. பலருக்கும் உரிய குற்றத்தை ஒருவரிடம் திரட்டி, மற்றவர்களை விடுவித்துவிடுகின்றது.

இப்பகுதியின் பாட வரலாறும் பொருள் பொதிந்தது. வத்திக்கான் சுவடி, சினாய் சுவடி ஆகிய மிகப் பழைய சுவடிகளில் இந்நிகழ்ச்சி இல்லை. இக்கால மொழிபெயர்ப்புகள் பல இதனை அடைப்புக்குறிக்குள் தருகின்றன. பெண்கள் ஒழுக்கம் தவற இது இடம் தந்துவிடுமோ என அஞ்சிய சிலர் இதனை நீக்கியிருக்கக்கூடும் எனப் புனித அகுஸ்தீன் கருதினார். அவர் கருத்து வரலாற்றளவில் சரியா என்பது வேறு வினா. தீர்ப்பிடாமை ஒழுக்கச் சீர்குலைவுக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் திருச்சபைக்குள் எவ்வளவு பழமையானது என்பதை அது காட்டுகின்றது. இத்தனைக்கும் இயேசு அப்பெண்ணைக் குற்றமற்றவள் எனக் கூறவில்லை. தண்டனை விதிக்க மறுத்தார். இனிப் பாவம் செய்யாதிருக்கச் சொல்லி அனுப்பினார். அவள் கதை அங்குத் தீரவில்லை, தொடர அனுமதிக்கப்பட்டது.

4. தீர்ப்பு வழங்கும் புனைகதை

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர், தொழிலால் நீதிபதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1859இல் 'நீதிநூல்' வெளியிட்டவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தவர். 1878இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யைத் தந்தவர். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' இந்து நிலவுடைமைக் குடும்பத்தைக் களமாகக் கொண்டது. அறிவுறுத்தலே அதன் உயிர்நாடி. நல்லோர் நலம் பெறுவர், தீயோர் நாணுவர். கதைமாந்தரைப் பற்றி என்ன நினைப்பது என்ற ஐயம் வாசகருக்கு எழுவதில்லை. தீர்ப்பை ஆசிரியரே எழுதிவிடுகின்றார்.

ஆயினும் அந்நாவலில் இடம்பெறும் செருப்பு வழக்கு நம் கவனத்திற்குரியது. விக்கிரமபுரியில் செருப்பைச் செப்பனிடக் கொடுத்த பிரதாப முதலியார், கூலியாகத் தொழிலாளியைச் சந்தோஷப்படுத்துவதாக வாக்களிக்கின்றார். எவ்வளவு கொடுத்தும் தனக்குச் சந்தோஷம் இல்லை என அவன் வழக்காடுகின்றான். சொல்லை மட்டும் நோக்கிய நீதிபதி பிரதாப முதலியாரைத் தண்டிக்கின்றார். பின்னர் ஆண் வேடத்தில் அரசாளும் ஞானாம்பாள், தான் அரசரானதில் அவனுக்குச் சந்தோஷமா என அவனைக் கேட்கின்றாள். அவன் ஆம் என்றதும் கூலி தீர்ந்துவிடுகின்றது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட இந்நிகழ்ச்சியில், சட்டம் அறிந்த ஆசிரியர் தீர்ப்பின் வரம்பைத் தாமே ஒப்புக்கொள்கின்றார் எனலாம். ஆனால் அவர் காட்டும் மாற்று இன்னொரு தீர்ப்பே. தவறான தீர்ப்பின் இடத்தில் சரியான தீர்ப்பு வருகின்றது. தீர்ப்பே இன்றிக் கதை நிற்கக்கூடும் என்ற எண்ணம் அந்த நாவலில் இல்லை. தமிழ்ப் புனைகதை அவ்வெண்ணத்தை அடைய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

5. தீர்ப்பு எழுதப்படாத கதை

வேதநாயகம் பிள்ளை என்னும் கிறித்துவர் இந்துக் குடும்பத்தை எழுதினார். பிறப்பால் கிறித்துவரல்லாத வண்ணநிலவன் கிறித்துவக் குடும்பங்களை எழுதினார். மணப்பாட்டு மீனவக் கிறித்துவரைப் பற்றிய 'கடல்புரத்தில்' (1977) நாவலிலும், 'எஸ்தர்' சிறுகதையிலும் அவர் கைக்கொண்ட நோக்கு ஒன்றே. 'கடல்புரத்தில்' நாவலில் மரியம்மைக்கும் வாத்தியாருக்கும் இருக்கும் நெருக்கத்தைக் கதைசொல்லி தூற்றுவதும் இல்லை, போற்றுவதும் இல்லை. காதலில் கைவிடப்பட்ட பிலோமி கசப்பில் உறைந்துபோவதில்லை. தாயை விளங்கிக்கொள்ளும் திசையில் வளர்கின்றாள்.

'எஸ்தர்' இன்னும் கடுமையான சோதனையை மேற்கொள்கின்றது. கொடிய வறட்சி, ஊர் வெறுமையாகிக்கொண்டிருக்கின்றது, பிழைப்புத் தேடிக் குடும்பம் வெளியேற வேண்டும். நடக்கவியலாத பாட்டியையும் வேலையாள் ஈசாக்கையும் விட்டுச் செல்வதென முடிவாகின்றது. கணவனோடு வாழாமல் திரும்பிவந்த எஸ்தர் சித்தியே அவ்வீட்டின் அச்சாக இருக்கின்றாள். வீட்டின் ஆண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றனர். அந்த நெருக்கத்தின் தன்மையைக் கதை முழுவதுமாக விளக்குவதில்லை. புறப்பாட்டிற்கு முன் பாட்டி இறந்துபோகின்றாள். எஸ்தரின் கை அதில் இருந்தது என்பதை வாசகர் உணர்ந்துகொள்கின்றார்; ஆனால் அச்செயல் விவரிக்கப்படுவதில்லை. பாட்டியின் கண்கள் மட்டும் எஸ்தரின் நினைவில் எஞ்சுகின்றன.

இக்கதையை வாசித்தோர் பொதுவாக இரு தரப்பினராகப் பிரிகின்றனர். ஒரு தரப்பு எஸ்தரைக் கொலைகாரி என்கின்றது. மறுதரப்பு, குடும்பத்தைக் காக்கத் தன் ஆன்மாவையே பணயம் வைத்த தியாகி என்கின்றது. இரண்டும் தீர்ப்புகளே, ஒன்று தண்டனை, மற்றொன்று விடுதலை. கதையின் கட்டமைப்போ இரண்டையும் ஏற்க மறுக்கின்றது.

இதற்குரிய சான்றுகள் மூன்று. முதலாவது, செயலின் மறைப்பு. குற்றத்தை நிறுவத் தேவையான காட்சியைக் கதைசொல்லி நமக்குத் தரவில்லை. நாம் சாட்சிகளல்லர், ஊகிப்பவர்களே. இரண்டாவது, முடிவின் வரிசை. பாட்டியை விட்டுச்செல்வது என்ற முடிவு கதையின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றது. உணவற்ற ஊரில் ஒரு முதியவளை விட்டுச்செல்வதன் பொருள் என்ன என்பது அவ்வீட்டில் யாருக்கும் தெரியாததன்று. எஸ்தர் செய்தது அம்முடிவுக்குள் முன்பே உறைந்திருந்த ஒன்றை. அவளை மட்டும் குற்றவாளியாக்கினால், உடன்பட்ட ஏனையோர் அனைவரையும் நாம் விடுவித்துவிடுகின்றோம். யோவான் நற்செய்தியில் ஒருத்தியை மட்டும் நடுவே நிறுத்திய கூட்டம் செய்ததும் இதுவே. மூன்றாவது, எஸ்தரின் நினைவு. அவள் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதில்லை. அந்தக் கண்களைச் சுமக்கின்றாள். அவளைத் தியாகி எனப் போற்றினால் அச்சுமையை நாம் இல்லை என்றாக்குகின்றோம்.

பெயர்களும் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகின்றன. விவிலியத்து எஸ்தர் தன் உயிரைப் பணயம் வைத்துத் தன் இனத்தைக் காத்த அரசி. விவிலியத்து ஈசாக்கு பலிபீடம்வரை கொண்டுசெல்லப்பட்டுத் தப்பியவன். இவ்வொப்புமைகளை மிகைப்படுத்தினால் கதை குறியீட்டுப் புதிராகச் சுருங்கிவிடும். ஆயினும் ஒன்றைச் சுட்டலாம். எஸ்தர் நூலின் எபிரேய மூலப் பாடத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. மனிதர் தாமே முடிவெடுத்துச் செயல்படுகின்றனர். மேலிருந்து எந்தக் குரலும் ஒலிப்பதில்லை. வண்ணநிலவனின் கதையிலும் அவ்விறுதிக் குரல் ஒலிப்பதில்லை. அவ்வெற்றிடத்தைத் தன் குரலால் நிரப்ப விரையும் வாசகரே இங்குச் சோதிக்கப்படுகின்றார்.

6. எழக்கூடிய மறுப்பு

தீர்ப்பிடாமை என்பது அறப் பொறுப்பைக் கைகழுவுவது ஆகாதா என்ற வினா நியாயமானது. கொடுமை இழைத்தவரைக் கண்டிக்காமல் விடுவது, கொடுமைக்கு உள்ளானவரைக் கைவிடுவதாகும். 'எஸ்தர்' கதையிலும் பேச இயலாத ஒரு தரப்பு உண்டு, அது பாட்டி.

நற்செய்தி இம்மறுப்பை அறியாததன்று. தீர்ப்பிடாதீர் என்ற அதே அதிகாரம் போலி இறைவாக்கினரைக் கனிகளால் அறிந்துகொள்ளச் சொல்கின்றது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் தவறு செய்தவரிடம் முதலில் தனிமையில் பேசவும், பின்னர்ச் சாட்சிகளுடன் பேசவும் வழி கூறுகின்றது. யோவான் ஏழாம் அதிகாரம் வெளித்தோற்றத்தின்படி தீர்ப்பிடுவதை விலக்கி, நீதியோடு தீர்ப்பிடுவதை ஏற்கின்றது. எனவே, செயலைத் தீமை எனக் கூறுவது விலக்கப்படவில்லை. செயலை வைத்து ஆளை முடித்துவிடுவதே விலக்கப்படுகின்றது. வயலில் கோதுமையும் களைகளும் அறுவடைவரை சேர்ந்து வளரட்டும் என்ற உவமையும் களையைக் கோதுமை என்று சொல்லவில்லை. பிடுங்கும் கையின் அறிவை நம்ப மறுக்கின்றது.

இந்நோக்கில், பாட்டியின் சாவு ஒரு தீங்கு என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. அத்தீங்கின் வேர்களை எஸ்தரோடு நிறுத்திவிடாமல் வறட்சி, வறுமை, குடும்பத்தின் கூட்டு முடிவு, முதியோரைச் சுமையாகக் கருதும் மனநிலை எனத் தேடிச்செல்வதே பாட்டிக்குச் செய்யும் நீதியுமாகும். எஸ்தரைத் தண்டித்து முடித்துவிட்ட வாசகர் அதற்குப்பின் பாட்டியைப் பற்றி நினைப்பதில்லை. தீர்ப்பு இருவரையும் ஒருசேர மறக்க உதவுகின்றது.

7. வகுப்பறைக்கு வருவோம்

நம் தமிழ் இலக்கிய வகுப்பறைகளில் சிறுகதைக் கற்பித்தல் பெரும்பாலும் இரு வினாக்களில் வந்து முடிகின்றது: கதைமாந்தரின் பண்புநலன்கள் யாவை? கதை உணர்த்தும் படிப்பினை யாது? இவ்வினாக்கள் தேர்வு நோக்கில் பயனுள்ளவை. தொடக்கநிலை மாணவருக்குத் துணையானவை. ஆனால் எல்லாக் கதைகளையும் இவற்றுக்குள் அடக்கும்போது, வேதநாயகம் பிள்ளையின் கதையியலையே வண்ணநிலவனுக்கும் பொருத்துகின்றோம்.

இங்கு என் தவறு ஒன்றையும் பதிவு செய்வது பொருத்தம். சில ஆண்டுகளுக்கு முன் 'எஸ்தர்' பற்றிய ஒப்படைப்பில் ஒரு மாணவி படிப்பினை எதனையும் எழுதவில்லை. எஸ்தரைப் பற்றி முடிவு சொல்லத் தமக்கு இயலவில்லை என்றும், தம் வீட்டிலும் ஒரு பாட்டி படுக்கையில் இருப்பதாகவும் மட்டும் எழுதியிருந்தார். முடிவுரை முழுமை பெறவில்லை எனக் குறிப்பெழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். கதையைச் சரியாக வாசித்தவர் அம்மாணவியே என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. அவர் தம் கண்ணிலிருந்ததை முதலில் கண்டவர். நான் அவர் விடைத்தாளில் துரும்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இத்தகைய கதைகளைக் கற்பிக்கையில் வினாக்களின் வரிசையை மாற்றலாம். கதைமாந்தர் செய்தது சரியா என்று கேட்பதற்கு முன், கதைசொல்லி எதனைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கலாம். குற்றவாளி யார் என்பதற்கு முன், இம்முடிவில் யாருக்கெல்லாம் பங்குண்டு எனக் கேட்கலாம். படிப்பினை யாது என்பதற்கு மாற்றாக, கதையை முடித்தபின் உங்களுக்கு எது தெளிவாகவில்லை எனக் கேட்கலாம். இவ்வினாக்களுக்கு விடையெழுதும் மாணவர் கூடுதலாக வாசிக்க வேண்டியிருக்கும். பனுவலிலிருந்து சான்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே, தீர்ப்பைத் தள்ளிவைப்பது ஆய்வின் கடுமையைக் கூட்டவே செய்யும்.

முடிவுரை

கிறித்துவ அறம் விலக்கும் தீர்ப்பிடுதல் என்பது பிறரைப் பற்றிய அறிதலை முடித்துக்கொள்ளும் செயல் என்பதும், அது பலரின் பொறுப்பை ஒருவரிடம் திரட்டி ஏனையோரை விடுவிக்கின்றது என்பதும், அது செயலைத் தீமை எனக் கூறும் பொறுப்பிலிருந்து வேறுபட்டது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. 'பிரதாப முதலியார் சரித்திரம்' தவறான தீர்ப்பைத் திருத்துகின்றது. 'எஸ்தர்' தீர்ப்பையே வாசகரிடம் கேள்வியாக்குகின்றது. முன்னதை எழுதியவர் கிறித்துவராகவும் பின்னதை எழுதியவர் கிறித்துவரல்லாதவராகவும் இருப்பது, ஓர் அறம் அதன் சமய எல்லைக்கு வெளியிலும் வேர்கொள்ளும் என்பதற்குச் சான்றாகும். சமயச் சார்புடைய பனுவல்களை அச்சமயத்தாரே ஆராய வேண்டும் என்ற எழுதப்படாத வழக்கத்தை நம் துறையினர் மறுபரிசீலனை செய்ய இதுவும் ஒரு காரணம். பாட்டியின் கண்களை எஸ்தர் மறக்கவில்லை. அவற்றை மறக்காமல் அக்கதையை வாசிக்கவும் கற்பிக்கவும் இயலுமா என்பதே நம்முன் எஞ்சி நிற்கும் பணி.